பள்ளிக்கூடம் உலு திராமுக்குப் போயிற்று

பள்ளிக்கூடத்தை இடம் மாற்றப் போகிறார்கள் என்றதும், கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் எங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. "டீச்சர், கக்கூஸையும் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத்தான் தோன்றியது. கட்டடம் இங்கேயே இருக்கும், பெயரும் பள்ளி நடத்தும் அனுமதியும் மட்டும் உலு திராம் பட்டணத்துக்குப் போகும், அங்கே புதுக் கட்டடம் கட்டி இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவளுக்கு அது இன்னும் குழப்பமாகப் போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் தோட்டம் லாயாங் லாயாங் ரயில் நிலையத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. செம்மண் சாலை. மோட்டார் சைக்கிளில் வந்தால் இடுப்பு கழன்றுவிடும். ரப்பர் இருந்த காலத்தில் நான் அங்கே பிறந்தேன். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது அந்தப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வேலைக்குப் போய், ஜொகூரில் எங்கெங்கோ மாற்றலாகி, கடைசியில் கேட்டு வாங்கிக்கொண்டு அதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் சிங்கப்பூரில் குடும்பமும் குட்டியுமாக இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், உங்களுக்கு ஆகி என்னத்தைக் கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

மற்ற ஆசிரியர்கள் குளுவாங்கிலிருந்தும் கூலாயிலிருந்தும் காரில் வருவார்கள். பள்ளி முடிந்து மணி அடித்த கையோடு கார்கள் வரிசையாகக் கிளம்பும். செம்மண் தூசி அடங்குவதற்குள் தோட்டமே அடங்கிவிடும். அதற்கு மேல் நான் மட்டும்தான். பள்ளிக்கு எதிரே ஆசிரியர் குடியிருப்பு. ஒரு காலத்தில் நாலு குடும்பம் இருந்த வரிசை வீடு அது. மூன்று வீடுகளைப் பூட்டிச் சாவியைத் தோட்ட ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள். நாலாவதில் நான் இருந்தேன். பேச்சுத் துணைக்குத் தொலைக்காட்சியைப் போட்டு வைப்பேன். செய்தி வாசிக்கிற பெண்ணோடு சண்டை போடுவேன். வேறு யாரோடு போடுவது?

ஆள் இல்லாத தோட்டம் என்று சொன்னால் பொய். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் செம்பனைக் குலை வெட்ட வந்தவர்கள். சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கடல் கடந்து இருக்கும் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டி வர அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் ஆள் கணக்கு எடுக்கிற எந்த அதிகாரி வந்தாலும் அவர்களைத் தாண்டி நடந்துபோய், இந்த ஊரில் மக்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போவார். தமிழ்க் குடும்பம் என்று பார்த்தால், கோயில் பண்டாரம், பென்ஷன் வாங்கும் இரண்டு கிழவர்கள், பிறகு தோட்டத்து லோரி ஓட்டுநர், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கக்கூஸைப் பற்றிக் கேட்டவள் சின்னவள். மூத்தவள் நாலாம் ஆண்டு. இவர்களோடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளையும் சேர்த்தால்கூட என் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆள் குறைகிற ஊருக்கு என்ன செய்வது என்று மேலே யாரோ மூளையைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் பிள்ளைகள் குறைவாக இருக்கும் வகுப்புகளை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். ஒரே அறையில் முதலாம் ஆண்டு ஒரு பக்கம், இரண்டாம் ஆண்டு ஒரு பக்கம். இந்தப் பக்கம் அகரம், அந்தப் பக்கம் வாய்ப்பாடு. பிறகு புதுக் கணினிகள் வந்தன, பிள்ளைக்கு ஒன்று போக மிச்சம். பிறகு கோயிலுக்குப் பக்கத்தில் இணைய மையம் ஒன்று கட்டினார்கள். வேலை தேடி வெளியே போன இளைஞர்கள் திரும்பி வந்து இங்கிருந்தே தொழில் செய்வார்களாம். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினவர் அப்படித்தான் பேசினார். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. வங்காளதேசத்துப் பையன்களுக்கு மட்டும் நல்ல வசதியாகப் போயிற்று.

இதெல்லாம் பலிக்காமல் போன பிறகுதான் இடமாற்றப் பேச்சு வந்தது. பிள்ளைகள் குறைந்த தோட்டப் பள்ளியின் அனுமதியை எடுத்து, பிள்ளைகள் நிரம்பி வழியும் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகள் பக்கம் கொண்டுபோவது. வேறு பள்ளிகள் இப்படிப் போயிருந்தன. எங்கள் பள்ளியையும் அந்த வரிசையில் சேர்க்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது.

நான் ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், காலையில் பிள்ளைகள் சத்தம் கேட்டு எழுந்திருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பள்ளி போய்விட்டால் அந்த இடத்தில் நான் எதற்கு?

எங்கள் பள்ளி வாரியத் தலைவர் என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவன். கோயில் தலைவரும் அவன்தான். தோட்டத்தை விட்டுப் போய் பாசிர் கூடாங்கில் ஆலை வேலை, ஷிப்ட் வேலை பார்த்துச் சூப்பர்வைசர் ஆகி, உலு திராமில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டான். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் ஊர்ப் பதவி எல்லாம் பிடிக்கும். விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே யோசித்தான்.

"ஆள் இல்ல, ஆள் இல்லன்னுதானே சொல்றாங்க. நம்ம ஆளைக் காட்டுவோம். அந்த ஆபீசரைத் திருவிழா அன்னைக்கு வரச் சொல்லு."

"திருவிழா அன்னைக்கா?"

"பின்ன? நிக்க இடம் இருக்காதுலா. பார்த்து அசந்துருவாரு. இவ்ளோ ஜனம் இருக்கிற ஊர்லயா பள்ளிக்கூடத்தை எடுக்கிறதுன்னு அவருக்கே தோணிரும்."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. உடனே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டு, மலாயில் தேனாகக் குழைந்து பேசி, திருவிழா நடக்கும் ஞாயிற்றுக்கிழமையே அவரை வர ஒப்புக்கொள்ள வைத்தேன். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆள் எங்கே குடியிருந்தாலும் தோட்டத்து ஆள்தான். இருபது வருடத்துக்கு முன்னால் போனவனுக்கும் கோயிலில் அவன் லயத்து உபயம் அவன் பேரில்தான் நடக்கும். முதல் லயம் பாசிர் கூடாங்கில் இருக்கிறது, மூன்றாவது லயம் உலு திராமில் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர்கள் இங்கே இல்லை என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

திருவிழா அன்றைக்குக் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தலைவன் வீடு வீடாகப் போன் போட்டு, ஒரு குடும்பம் விடாமல் வரச் சொல்லியிருந்தான். பாசிர் கூடாங்கிலிருந்து ஆலைப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் பேருந்திலேயே தூங்கி, கண் சிவக்க இறங்கினார்கள். செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. பால்குடம் புறப்பட்டபோது முதல் குடம் கோயில் வாசலிலும் கடைசிக் குடம் ஆற்றங்கரையிலும் இருந்தது. என் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கே தெரியாத பிள்ளைகள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது, மரியாதையான மனிதர். பந்தலுக்கு வெளியே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக் கண் கலங்கினார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் இருந்திருந்தால் பிறகு திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். நான் அவருக்காகப் பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றேன். "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று ஒருவரிடம் கேட்டார். பாசிர் கூடாங் என்றார் அவர். அடுத்தவரிடம் கேட்டார். அவரும் பாசிர் கூடாங். அதற்கு அடுத்தது உலு திராம். அப்புறம் சிங்கப்பூரில் வேலை, வீடு உலு திராம். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அந்த வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னிடம் படித்தவள். கெட்டிக்காரி, மலாயில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டதும் அவள் மடை திறந்த மாதிரி பேசினாள். உலு திராமில் அவள் தாமான் பக்கம் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் நெருக்கடி தாங்கவில்லையாம். ஒரே வகுப்பில் பிள்ளைகளை நெருக்கி அடைத்து வைத்திருக்கிறார்களாம். மூத்தவனை விடிவதற்கு முன்னாலேயே பேருந்து ஏற்றிவிட வேண்டியிருக்கிறதாம். "எங்கள் பக்கம் இன்னொரு தமிழ்ப்பள்ளி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா எடுத்துச் சொன்னேனா டீச்சர்?" என்று தமிழில் கேட்டாள்.

நல்லா சொன்னாய் என்றேன். வேறு என்ன சொல்வது? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் பந்தல் போட்டு, பேருந்து பிடித்து, பாயசத்தோடு செய்திருந்தோம்.

கிளம்பும்போது அதிகாரி என் கையில் இருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, என்னைத் தனியாக அழைத்தார். மலாய்க்காரர்கள் டீச்சரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். "சிக்கு, உங்கள் மக்களுக்கு இந்தப் பள்ளிமேல் இருக்கும் பாசத்தை இன்று பார்த்தேன். மக்கள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி போவதுதானே நியாயம்?" என்றார். அவர் மூவார் பக்கத்துக் கம்பத்துக்காரர், கிராமத்து ஆள். அவர் படித்த பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்தார்களாம். அதை ஒரேயடியாக மூடிவிட்டார்களாம். "உங்கள் பள்ளி மூடப்படாது, குடி மாறும். அது கொடுப்பினை" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் அம்மன் ஊர்வலம் முடிந்ததும் பேருந்துகள் ஹாரன் அடித்தன. காலையில் ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் முதலில் போனார்கள், பிறகு பிள்ளைக்காரர்கள், பிறகு கோயில் சட்டி பானையைக் கழுவி வைத்துவிட்டு மற்றவர்கள். எல்லாரும் என் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார்கள். இருட்டுவதற்குள் திடலில் யாரும் இல்லை. வருடத்தில் மற்ற நாளெல்லாம் நான் தனியாக இருந்ததுண்டு, தாங்கிக்கொண்டேன். அவ்வளவு பேரைப் பார்த்த பிறகு வந்த அந்தத் தனிமைதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

சில மாதங்களில் முடிவு வந்தது. பள்ளி உலு திராமுக்குப் போகிறது. அங்கே கட்டடம் எழும்பும்வரை இங்கேயே நடக்கும், பிறகு இங்கே மிச்சம் இருக்கும் பிள்ளைகளை லாயாங் லாயாங் பக்கத்தில் இருக்கும் வேறொரு தமிழ்ப்பள்ளிக்கு வேனில் கொண்டுபோய்விடுவார்கள். தலைவன் லட்டு டப்பாவோடு வந்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

"என்னடா, ஊரை வித்துட்டு இனிப்பு கொடுக்கிறியா?"

"நான் எங்க வித்தேன்? நீயும் நானும் சேந்துதானே ஆபீசரைக் கூப்பிட்டோம். சத்தியமா பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கணும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா இப்ப யோசிச்சுப் பாரு, நம்ம பள்ளிக்கூடம் சாகலலா. என் பேரப்பிள்ளை அதுல படிக்கப்போவுது."

"உன் பேரப்பிள்ளை படிக்கும். இங்க இருக்கிற பிள்ளை?"

"அதுக்குத்தான் வேன் கொடுக்கிறாங்களே. நீயும் வந்துரு. தலைமையாசிரியர் நீதான். என் வீட்டுக்கிட்டயே வாடகைக்கு வீடு பாத்துத் தரேன். இங்க யாரு இருக்கா உனக்கு?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லாமல் விட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். லோரிக்காரர் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். பள்ளியும் போய், டீச்சரும் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள், அவர்களை அம்போ என்று விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது உண்மையாகிவிட்டது. எனக்கு இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

புதுக் கட்டடம் தயாரானதும் ஒரு நாள் லோரி வந்தது. பெயர்ப் பலகை, நாற்காலி மேசை, பரிசுக் கோப்பைகள், கணினிகள் எல்லாம் ஏற்றினார்கள். நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். தோட்ட மேனேஜர் நல்ல மனிதர், வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். உலு திராமில் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். புத்தம்புதுக் கட்டடம், சபைகூடலுக்கு நின்ற பிள்ளைகளின் வரிசை முடிவே இல்லாமல் போயிற்று. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யாராவது ஒரு பிள்ளையின் முகம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். மத்தியானம் பள்ளி வேன் சாலைச் சந்திப்பில் வந்து ஹாரன் அடிக்கும். சற்று நேரத்தில் லோரிக்காரர் பிள்ளைகள் இரண்டும் சோறு தின்றுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு நாள் தவறாது. மூத்தவளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன், அவள் எனக்கு வகுப்புக் கதைகளைச் சொல்லுவாள். சின்னவள் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, நோட்டின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். எழுப்பித் திட்டுவேன். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வரும் தாய், ஒரு கிண்ணத்தில் குழம்போ பொரியலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அந்த மத்தியான ஹாரன்தான் எல்லாம். அதற்காகவே காலையில் வீட்டைப் பெருக்கினேன், பலகாரம் சுட்டேன், சேலை கட்டினேன்.

உலு திராமிலிருந்து தலைவன் போன் போட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்று கேட்கும்போதெல்லாம், இந்தக் குடும்பம் இருக்கும்வரை நான் எங்கே போவது என்று பெருமையாகச் சொல்வேன். அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன். என்னால்தான் அந்தப் பிள்ளைகள் படிக்கின்றன என்று முழுசாக நம்பினேன்.

ஒரு நாள் சாயங்காலம் தாயோடு லோரிக்காரரும் வந்தார். வழக்கமாக அவர் வாசலோடு நின்றுவிடுவார். அன்றைக்கு உள்ளே வந்து, உட்காராமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொன்னாள் தாய்.

"டீச்சர், பாசிர் கூடாங்ல கன்டெய்னர் லோரி ஓட்டக் கூப்பிட்டாங்க. சம்சாரத்தோட அக்கா அங்கதான் இருக்காங்க. போலாம்னு பாக்கிறோம்" என்றார்.

சின்னவள் விட்டுப்போன நோட்டை எடுத்து மூடி வைத்துக்கொண்டே கேட்டேன். "இப்பதான் கூப்பிட்டாங்களா?"

"இல்ல டீச்சர். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலேயே கூப்பிட்டாங்க. அப்பவே போலாம்னுதான் இருந்தோம். இனிமேலும் தள்ளிப்போட்டா வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னு சொல்றாங்க."

"பின்ன ஏன் போகல?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நீங்க தனியா இருப்பீங்கன்னுதான் டீச்சர். நீங்க உலு திராமுக்குப் போயிருவீங்க, அப்புறம் நாங்களும் கெளம்பிருலாம்னு நெனச்சோம். நீங்க போகலன்னு சொன்னதும் எங்களுக்கு மனசு கேக்கல. இந்த அத்துவானத்துல உங்களை ஒத்தையா விட்டுட்டு எப்படிப் போறது? அதான் பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், என்ன விளையாட்டு இருந்தாலும் சரி, டீச்சர் வீட்டுக்குப் போகாம இருக்கக் கூடாதுன்னு."

ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளைகள். கிண்ணத்தில் வந்த குழம்பு. நான் அவர்களுக்காக இருந்தேன். அவர்கள் எனக்காக இருந்தார்கள். ஒருவர் கிளம்பட்டும் என்று மற்றவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். என்மேல் பரிதாபப்படச் சொல்லி யார் உங்களைக் கேட்டது என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. என் ஆயுளில் அவ்வளவு சீக்கிரம் இறங்கிய கோபம் அது ஒன்றுதான்.

"அலாமாக், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன். "நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். உலு திராம்ல வீடு பாத்தாச்சு. உங்க பிள்ளைங்களை நெனச்சுத்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தன. அந்தப் பெண் சிரித்தேவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எத்தனை மாதமாக அவர்கள் தோளில் உட்கார்ந்திருந்தேன் என்று அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரமே சாமான்களைத் தோட்டத்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூத்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க எப்ப டீச்சர் போவீங்க?" என்றாள். உங்கள் லோரி பின்னாலேயே கிளம்பிவிடுவேன் என்றேன். சின்னவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் லோரியின் முன்பக்கத்தில் உட்காரப்போகிற சந்தோஷத்தில் இருந்தாள்.

இப்போது அவர்களுடைய அம்மா வாரம் தவறாமல் பாசிர் கூடாங்கிலிருந்து போன் போடுகிறாள். பெரியவள் நன்றாகப் படிக்கிறாளாம், சின்னவள் இன்னும் வகுப்பில் தூங்குகிறாளாம். ஒரு நாள் உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்கிறாள். வீடு இன்னும் ஒழுங்காக அடுக்கவில்லை, கொஞ்சம் போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்றைக்காவது தலைவன் வாய் தவறி உளறிவிடுவான். அதுவரைக்கும் ஓடட்டும்.

போன வாரம் பேசும்போது, "புது இடம் பழகிருச்சா டீச்சர்? அக்கம்பக்கம் ஆளுங்க எப்படி?" என்று கேட்டாள். நான் என் பழைய வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே பள்ளித் திடலில் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"ஆளுங்க எல்லாம் நல்லவங்கதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க போடுற சத்தம்தான் தாங்க முடியல. மத்தியானம் கண் அசர முடியலன்னா பாத்துக்கோயேன்" என்று திட்டினேன்.

"அது நல்லதுதான் டீச்சர்" என்றாள் அவள். "எங்களுக்கும் இப்பதான் நிம்மதியா இருக்கு."